தாயக்கட்டப் பூவுக்கு எந்த ஊர்?

புதிதாக ஒருவரைச் சந்தித்தால் நம்மவர்கள் முதலில் பெயரைக் கேட்பார்கள். இரண்டாவது கேள்வி, "உங்களுக்கு எந்த ஊரு?" பெயர் சொல்வது எளிது. ஊர் சொல்வதில்தான் சிக்கல் ஆரம்பிக்கும். பிறந்த ஊரா, அப்பாவின் ஊரா, குலதெய்வம் இருக்கிற ஊரா, இல்லை இப்போது கவுன்சில் வரி கட்டுகிற ஊரா? நான் பதினைந்து வருடங்களாக இங்கிலாந்தில் ஸ்விண்டனில் இருக்கிறேன். கேட்பவர் யார் என்பதைப் பொறுத்து என் பதில் மாறும். ஒரு பூவுக்கும் இதே சிக்கல் உண்டு என்பதை என் மகளின் வீட்டுப் பாடத்தால்தான் தெரிந்துகொண்டேன்.

வசந்தத்தில் பூக்கும் மூன்று காட்டுப் பூக்களைப் படம் எடுக்க வேண்டும். பெயர் எழுத வேண்டும். பக்கத்தில் இரண்டு கட்டங்கள்: 'நேட்டிவ்', 'நான்-நேட்டிவ்'. ஒன்றில் டிக் போட வேண்டும். புளூபெல் முதலிலேயே முடிந்துவிட்டது. எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் சிறு காட்டில் நீலமாக விரிந்து கிடக்கும். இரண்டாவது, ஓடைக்கரையில் சேற்றில் மஞ்சளாகப் பளபளக்கும் மார்ஷ் மேரிகோல்ட். இரண்டுமே நேட்டிவ். மூன்றாவதற்கு, "கிரிக்லேடு போலாம்ப்பா, அங்க செக்ஸ் போட்ட பூ இருக்காம், டீச்சர் சொன்னாங்க" என்றாள்.

கிரிக்லேடு எங்கள் ஊரிலிருந்து காரில் இருபது நிமிடம். தேம்ஸ் நதி தன் ஊற்றிலிருந்து கிளம்பிச் சந்திக்கும் முதல் சிறு நகரம் அது. லண்டனில் பாலங்களுக்கு அடியில் பார்க்கிற தேம்ஸை நினைத்துக்கொண்டு போனால் ஏமாந்துவிடுவீர்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து வாய்க்கால் ஒன்றுதான் நினைவுக்கு வரும். அந்தத் தேம்ஸுக்கும் சர்ன் என்ற சிற்றாறுக்கும் நடுவில் சுமார் 44 ஹெக்டேர் பரப்பில் ஒரே வெளியாகக் கிடக்கிறது நார்த் மெடோ. குளிர்காலத்தில் வெள்ளம் ஏறி நிற்கும். ஏப்ரலில் தண்ணீர் வடிந்து, தரை இன்னும் சொதசொதவென்று இருக்கும்போது பூ வருகிறது.

நாங்கள் போனது ஏப்ரல் கடைசி வாரம். தூரத்திலிருந்து பார்த்தால் புல்லின் மேல் யாரோ கத்தரிப்பூ நிறத்தைக் கரைத்து ஊற்றியதுபோல இருந்தது. கிட்டே போய்க் குனிந்த பிறகுதான் ஒவ்வொரு பூவாகத் தெரிந்தது.

செடி ஒரு சாணுக்குச் சற்று அதிகமான உயரம். சாம்பல் கலந்த பச்சையில் புல்லைப்போல ஒடுங்கிய சில இலைகள். பெரும்பாலும் தண்டுக்கு ஒரு பூ. தலைகீழாகத் தொங்கும் மணி போன்ற வடிவம், ஆறு இதழ்கள். ஒவ்வொரு இதழிலும் அடர்ந்த ஊதாவும் வெளிர் ஊதாவும் மாறி மாறிக் கட்டம் கட்டமாக, அச்சடித்த மாதிரி. இயற்கையில் வளைவுகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தச் சதுரங்கள் கொஞ்சம் அதிர்ச்சியாகவே இருக்கும். என் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். "என்னடா இது, கண்டாங்கிச் சேலைய வெட்டித் தச்ச மாதிரி இருக்கு" என்று பதில் வந்தது. அங்கங்கே வெள்ளைப் பூக்களும் உண்டு. அவற்றிலும் கட்டம் மங்கலாகத் தெரியும். மலராத மொட்டு பாம்புத் தலைபோல வளைந்து நிற்கும். அதனால்தான் ஆங்கிலத்தில் 'ஸ்னேக்ஸ் ஹெட் ஃப்ரிட்டிலரி', பாம்புத்தலைப் பூ. கருவுற்ற பிறகு, குனிந்திருந்த தண்டு மெல்ல நிமிர்ந்து, விதைப்பெட்டி வானத்தைப் பார்த்து நிற்கும். தாவரவியல்படி இது லில்லிக் குடும்பம். நம் செங்காந்தள் அதே வரிசையில் வேறொரு குடும்பம். தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம்.

ஆக, இனம் காண்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. இங்கிலாந்தின் ஈரப் புல்வெளிகளில் வசந்தத்தில் பூக்கும் வேறெந்தப் பூவோடும் இதைக் குழப்பிக்கொள்ள முடியாது. மகள் படம் எடுத்தாள், பெயர் எழுதினாள். கட்டத்தில் டிக் போடப் பேனாவை எடுத்தவள், பாதையோரம் நின்று வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த தன்னார்வலர் அம்மாள் ஒருவரிடம் போய், "இது நேட்டிவ்தானே?" என்று கேட்டாள். எழுபது வயதுக்கு மேல் இருக்கும் அவருக்கு. சிரித்துவிட்டார். "அதைத்தான் கண்ணு நாங்க ரொம்ப காலமா பேசிக்கிட்டே இருக்கோம்" என்ற அர்த்தத்தில் ஏதோ சொன்னார். மகள் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள்.

அன்றிரவு படிக்க ஆரம்பித்தேன்.

*

பெயரிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது. இதன் அறிவியல் பெயர் ஃப்ரிட்டிலேரியா மெலியாக்ரிஸ். லத்தீனில் 'ஃப்ரிட்டிலஸ்' என்றால் தாயக்கட்டைகளைக் குலுக்கிப் போடும் குவளை. மணி வடிவப் பூவுக்கு அந்தக் குவளையின் பெயர் பொருத்தம்தான். ஆனால் பதினாறாம் நூற்றாண்டில் இந்தப் பெயரை எடுத்து ஆண்டவர்கள் பலர், அது கட்டம் போட்ட ஆட்டப் பலகையைக் குறிக்கிறது என்றே நினைத்தார்கள். நம்மூரில் தாயக்கட்டையையும் தாயக்கட்டத்தையும் ஒன்றாக்கிக் கொண்டதுபோல. தவறான புரிதல்தான். ஆனாலும் பூவைப் பார்த்தவர்களுக்குச் சரியாகவே பட்டது.

'மெலியாக்ரிஸ்' என்பது கிரேக்கத்தில் கினிக்கோழி. அதன் இறகிலிருக்கும் புள்ளிகளை நினைத்து வைத்த பெயர். கினிக்கோழி ஆப்பிரிக்கப் பறவை. அதே பெயரைப் பிற்பாடு லின்னேயஸ் அமெரிக்காவின் வான்கோழிக்குச் சூட்டிவிட்டார். அந்த வான்கோழிக்கு ஆங்கிலத்தில் 'டர்க்கி', அதாவது துருக்கி. ஆப்பிரிக்கக் கோழியின் கிரேக்கப் பெயர், துருக்கியின் பெயரைத் தாங்கிய அமெரிக்கக் கோழிக்குப் போய், ஐரோப்பியப் பூவிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஊர் மாறிப் போவது பெயர்களுக்குப் புதிதல்ல.

எழுத்தில் இந்தப் பூவோடு சேர்ந்து வரும் முதல் மனிதர்களில் ஒருவர் நோயெல் கப்பெரோன். பிரான்சில் ஓர்லியான் நகரத்தின் மருந்துக்கடைக்காரர். அந்தக் காலத்து மருந்துக்கடைக்காரர் என்றால் பாதி தாவரவியலாளர் என்று அர்த்தம். பூவைக் கண்டெடுத்தவர் அவர்தான் என்று ஆங்கில மூலிகை நூல்கள் சொல்கின்றன. ஒரு காலத்தில் அவர் பெயராலேயே பூவை அழைத்தவர்களும் உண்டு. 1572 ஆகஸ்ட் 24, புனித பர்த்தலோமேயு திருநாள். பாரிஸில் ஹியூகனாட்டுகள் என்றழைக்கப்பட்ட பிரெஞ்சுப் புராட்டஸ்டன்டுகளை வெட்டிச் சாய்க்கத் தொடங்கினார்கள். சில நாட்களில் அது மற்ற நகரங்களுக்கும் பரவியது. ஓர்லியானும் அதிலொன்று. பூவைக் கண்டெடுத்துச் சில காலத்திலேயே கப்பெரோன் அந்தப் படுகொலையில் மாண்டார் என்று 1629-ல் ஜான் பார்க்கின்சன் தன் தோட்டக்கலை நூலில் எழுதினார்.

அதற்கு முன்பே, 1597-ல், ஜான் ஜெரார்ட் தன் புகழ்பெற்ற மூலிகை நூலில் இந்தப் பூவைப் பற்றி எழுதிவிட்டார். லண்டனில் தன் தோட்டத்தில் இது வளர்கிறது என்கிறார். அவருக்குச் செடிகள் வந்தது பாரிஸ் தோட்டக்காரர் ஜான் ரோபினிடமிருந்து. பார்க்கின்சனும் இதைத் தோட்டத்துப் பூவாகவே அறிந்திருந்தார். 'நம் நாட்டு ஆற்றோரப் புல்வெளிகளில் ஆயிரக்கணக்கில் மண்டிக் கிடக்கிறதே' என்று இருவரில் ஒருவரும் சொல்லவில்லை.

உயிர் தப்பி இங்கிலாந்து வந்த ஹியூகனாட்டுகள் தங்கள் மூட்டைகளில் கிழங்குகளையும் கொண்டுவந்தார்கள், அவை தோட்டம் தாண்டி ஆற்றோரம் இறங்கிவிட்டன என்று ஒரு கதை உண்டு. கதையாகத்தான் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஆங்கிலத்தில் அகதி என்பதற்கான 'ரெஃப்யூஜி' என்ற சொல்லே இந்த மக்களோடு பிரெஞ்சிலிருந்து வந்தது என்பது கதையல்ல.

*

இங்கிலாந்தில் இந்தப் பூ காட்டில் தானாக வளர்ந்ததற்கான முதல் பதிவு 1736-ஐச் சேர்ந்தது. ஜான் பிளாக்ஸ்டன் என்ற இளம் மருந்துக்கடைக்காரர், ஹேர்ஃபீல்டு பகுதியின் தாவரங்களைப் பட்டியலிட்டு 1737-ல் வெளியிட்ட நூலில் வருகிறது. லண்டனுக்கு மேற்கே ரைஸ்லிப் பொதுநிலத்துக்குப் பக்கத்தில் மாட் ஃபீல்ட்ஸ் என்ற இடத்தில் பார்த்ததாக எழுதியிருக்கிறார். உள்ளூர்க்காரர் ஒருவர் அங்கே அதை நாற்பது வருடங்களுக்கும் மேலாகப் பார்த்து வருகிறாராம்.

1736 என்பதுதான் ஆய்வாளர்களை உறுத்துகிறது. அதற்குள் இங்கிலாந்துத் தாவரவியல் வளர்ந்து முதிர்ந்துவிட்டிருந்தது. ஜான் ரே நாடு முழுக்க நடந்து, பாசிகளைக்கூட விடாமல் பதிவு செய்து, 1705-ல் இறந்தும் போனார். அவர் கண்ணில் இது படவில்லை. அதைவிட வேடிக்கை ஆக்ஸ்ஃபோர்டு. அங்கே தாவரவியல் தோட்டம் தொடங்கியது 1621-ல். தோட்ட வாசலுக்கு எதிரே மாடலன் கல்லூரி. கல்லூரிக்குப் பின்னால் ஒரு புல்வெளி. இன்றைக்கு அங்கே ஏப்ரலில் போனால் ஆயிரக்கணக்கில் பாம்புத்தலைப் பூக்களைப் பார்க்கலாம். அந்தப் புல்வெளியில் இதைப் பதிவு செய்தது 1785-ல். நூற்றறுபது வருடங்களுக்கு மேல் தெருவுக்கு எதிர்ப்புறம் தாவரவியலாளர்கள் உட்கார்ந்திருந்தும் ஒருவர் கண்ணிலும் இத்தனை பகட்டான பூ படவில்லையா? 'வெளியிலிருந்து வந்தது' என்ற கட்சியின் பலமான வாதம் இதுதான். இருந்திருந்தால் பார்த்திருப்பார்கள்.

எதிர்க்கட்சியிலும் விஷயம் இருக்கிறது. இந்தப் பூ மூன்று வாரம்தான் இருக்கும். அதுவும் வெள்ளம் வடிந்த சேற்று நிலத்தில், சாலைகள் மோசமாக இருக்கும் ஏப்ரலில். மே மாதம் புல் உயர்ந்து செடியை மூடிவிடும். கிழங்கு நஞ்சு, மருந்துக்கு உதவாது. அந்தக் காலத்தில் செடி தேடிப் போனவர்களில் பெரும்பாலோர் மருந்துக்குத்தான் போனார்கள். பனியுகம் முடிந்த பிறகும் பல ஆயிரம் ஆண்டுகள் பிரிட்டன் தீவாக இருக்கவில்லை. வட கடலின் தென்பகுதி தரையாகக் கிடந்தது. அதன் வழியே ஆற்றோரச் செடிகள் வந்திருக்கலாம். விதைகள் தண்ணீரில் மிதக்கக்கூடியவை. வெள்ளத்தோடு போய் அடுத்த புல்வெளியில் ஒதுங்கும்.

இதில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அந்த நாற்பது வருடங்கள். நூலில் ஏறியது 1737-ல். ஆனால் ஒரு மனிதர் 1690-களிலிருந்தே ஒவ்வொரு வசந்தத்திலும் அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் வசதியானவர், வீட்டுப் பெயர் உள்ளவர். அதனால் அவர் சொன்னது நூலுக்குள் வந்தது. அவர் நிலத்துக்குப் பக்கத்தில் புல் அறுத்தவர்கள், மாடு ஓட்டியவர்கள் எத்தனை தலைமுறையாகப் பார்த்தார்கள்? அவர்களை யாரும் கேட்கவில்லை. பிற்காலத்தில் திரட்டப்பட்ட நாட்டுப்புறப் பெயர்கள் ஏராளம்: தொழுநோயாளி மணி, செத்தவன் மணி, சிடுசிடுப்புச் சீமாட்டி. தொழுநோயாளிகள் மற்றவர்களை எச்சரிக்கக் கையில் ஆட்டிக்கொண்டு போன மணியின் சாயலில் வைத்த பெயர் அது. இவை எவ்வளவு பழமையானவை என்று இந்தப் பெயர்களை மட்டும் வைத்து நிரூபிக்க முடியாது. ஆனால் 'முதல் பதிவு' என்பது பூ முதலில் பூத்த தேதி இல்லை. படித்த ஒருவர் முதலில் குனிந்து பார்த்த தேதி. நம் பக்கத்திலும் ஐரோப்பியர் எழுதி வைத்த நாளைக் 'கண்டுபிடித்த நாள்' என்று பாடப்புத்தகத்தில் படித்தவர்கள்தானே நாம்.

அதே சமயம் இதற்கு மறுபக்கமும் உண்டு. எழுதாத சாட்சியை எனக்குப் பிடித்த பக்கமாகச் சாய்ப்பதும் சரியில்லை. புல் அறுத்தவர்கள் வாய் திறந்திருந்தால், "எங்க தாத்தா காலத்துல இது இல்லீங்க, பெரிய வீட்டுத் தோட்டத்துலேருந்து தண்ணியில வந்துச்சு" என்றுகூடச் சொல்லியிருக்கலாம்.

*

இந்த 'நேட்டிவ்' என்ற சொல்லைத் தாவரங்களுக்கு வைத்து வகைப்படுத்தியவர்களைத் தேடினேன். 1835-ல் ஜான் ஹென்ஸ்லோ, டார்வினின் ஆசிரியர், ஒரு தொடக்கம் போடுகிறார். 1847-ல் ஹெவெட் வாட்சன் தன் 'சிபெலி பிரிட்டானிக்கா' நூலில் அதை ஒழுங்கான வகைகளாக்குகிறார். நேட்டிவ், டெனிஸன், காலனிஸ்ட், ஏலியன். இவற்றைப் படித்தபோது எங்கேயோ பார்த்த வரிசையாக இருந்தது. எங்கே என்று யோசித்தால், விசா படிவம்.

அந்தச் சொற்கள் சட்டத்திலிருந்து வந்தவை. பழைய ஆங்கிலச் சட்டத்தில் ஏலியன் என்றால் வேற்று மன்னனின் குடி. டெனிஸன் என்றால் அரசரின் கடிதம் பெற்று அரைவாசி உரிமையோடு தங்கியவர். நிலம் வாங்கலாம், 1701-க்குப் பிறகு நாடாளுமன்றத்தில் உட்கார முடியாது. வாட்சன் இதைச் செடிக்கு மாற்றினார். காட்டில் சொந்தக்காரனைப்போலவே வாழ்கிறது, ஆனால் வெளியிலிருந்து வந்ததோ என்ற சந்தேகம் விடவில்லை. அப்படிப்பட்ட செடி டெனிஸன். பிற்பாடு வந்தவர்கள் ஒரு தேதியும் வைத்தார்கள். கி.பி. 1500-க்கு முன்பே மனிதனோடு வந்துவிட்டால் 'பழைய வரவு', அதற்குப் பின் வந்தால் 'புதிய வரவு'. கோதுமை வயலின் சிவப்புப் பாப்பிப் பூ பழைய வரவு. போரில் மடிந்தவர்களின் நினைவாக ஒவ்வொரு நவம்பரிலும் இந்த நாடே சட்டையில் குத்திக்கொள்வது அந்த வந்தேறிப் பூவின் காகித உருவத்தைத்தான்.

எனக்கு 'இன்டெஃபினிட் லீவ் டு ரிமெய்ன்' கிடைத்த நாள் நினைவிருக்கிறது. காலவரையின்றித் தங்கலாம், ஆனால் குடிமகன் இல்லை. அதற்கு அடுத்த படிக்கு ஆங்கிலத்தில் 'நேச்சுரலைசேஷன்'. தோட்டத்திலிருந்து தப்பி, மனிதர் உதவியில்லாமல் தானே பெருகும் செடியையும் தாவரவியலாளர்கள் 'நேச்சுரலைஸ்டு' என்றுதான் சொல்கிறார்கள். உறுதிமொழி எடுத்த அன்று எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் கொஞ்சம் சிரித்திருப்பேன்.

பூ அழகானதுதான், ஆனால் இந்த ஊர்ச் சாயல் இல்லை என்ற பேச்சு அதன்மேல் தொடர்ந்து இருந்திருக்கிறது. 1926-ல் வீட்டா சாக்வில்-வெஸ்ட் தன் நெடுங்கவிதையில் அதை அந்நிய முகமுள்ள ஒன்றாகவே வரைந்தார். அதற்குப் பதினோரு வருடம் முன்பு இன்னொரு சம்பவம். கிளாஸ்கோவின் கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் ரென்னி மாக்கிண்டாஷ், 1914-ல் கிழக்கு இங்கிலாந்தின் வால்பர்ஸ்விக் என்ற கடலோர கிராமத்தில் தங்கிப் பூக்களை வரைந்துகொண்டிருந்தார். 1915-ல் அவர் வரைந்த ஃப்ரிட்டிலரி ஓவியத்தில் அந்தக் கட்டங்களை அளவெடுத்ததுபோலப் போட்டிருப்பார். போர்க்காலம். மாலையில் கடற்கரையில் தனியே நடக்கிறார், பேச்சு வேறு மாதிரி இருக்கிறது, வியன்னாவிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. உளவாளியோ என்று சந்தேகப்பட்டு அந்தப் பகுதியை விட்டே வெளியேறச் சொன்னார்கள். ஸ்காட்லாந்துக்காரருக்கே அந்தக் கதி.

*

சரி, வெளியூர்ப் பூ என்றே வைத்துக்கொள்வோம். அப்போது நார்த் மெடோவைப் பாதுகாப்பதில் அர்த்தம் இல்லையா? பிரிட்டனின் காட்டு ஃப்ரிட்டிலரிகளில் 80 சதவீதத்துக்கு மேல் இந்த ஒரு வெளியில் இருக்கின்றன. 1973 முதல் இது தேசிய இயற்கைக் காப்பிடம். பல பேர் இந்தக் கேள்வியைக் கேட்கக் காரணம் இருக்கிறது: வரலாறு வெறும் வரலாறாக நிற்காது, பணமும் சட்டமும் அதன் பின்னால் போகும்.

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. பூ மண்ணின் மகளா இல்லையா என்பது தெரியாது. ஆனால் அந்தப் புல்வெளி நிச்சயமாக மனிதன் செய்தது. விட்டுவிட்டால் சில பத்தாண்டுகளில் புதரும் வில்லோ மரமும் ஏறிவிடும். அது வெளியாகவே இருப்பதற்குக் காரணம் ஓர் ஊர்க் கட்டுப்பாடு. வசந்தத்தில் யாரும் மாடு விடக் கூடாது. ஜூலையில் விதை உதிர்ந்த பிறகு புல் அறுக்க வேண்டும். பழைய நாளில் யாருக்கு எந்தப் பங்கு என்று எல்லைக்கல் நட்டுப் பிரித்தார்கள். சில கற்கள் இன்னும் நிற்கின்றன. ஆகஸ்ட் 12 முதல் பிப்ரவரி 12 வரை ஊரின் மாடு, குதிரை, ஆடுகள் மேயலாம். தேதிக்கும் ஒரு கதை உண்டு. லாமஸ் என்ற அறுவடைத் திருநாள் ஆகஸ்ட் 1-தான். 1752-ல் இங்கிலாந்து நாட்காட்டியை மாற்றிப் பதினோரு நாட்களை வெட்டியபோது, கிரிக்லேடு மாடுகள் பழைய கணக்கையே பிடித்துக்கொண்டன. இன்றும் 'கோர்ட் லீட்' என்ற பழைய ஊர்மன்றம் 'ஹேவார்டு' என்ற மேய்ச்சல் மேற்பார்வையாளரை நியமிக்கிறது.

நம்மூர் மேய்ச்சல் புறம்போக்கை நினைத்துக்கொள்ளுங்கள். பொதுவில் இருக்கிறது என்பதாலேயே பல இடங்களில் காணாமல் போனது அது. இங்கே தலைகீழ். தனி ஒருவருக்குச் சொந்தமில்லாததால் யாராலும் தனியாக உழுதுவிட முடியவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது உணவுக்காகப் புல்வெளிகளை உழச் சொன்னார்கள். பிறகு வடிகாலும் ரசாயன உரமும் வந்தன. 1930-களிலிருந்து 1980-களுக்குள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படிப்பட்ட பூப்புல்வெளிகளில் 97 சதவீதம் அழிந்தது. ஒரு காலத்தில் கிராமத்துப் பிள்ளைகள் கட்டுக்கட்டாகப் பறித்துச் சந்தைக்கு விற்ற பூ இது. லண்டன் கோவென்ட் கார்டன் வரை போனது. அப்படிப் பறித்தும் தீராத பூ, நிலத்தை ஒருமுறை உழுததும் தீர்ந்தது. விதையிலிருந்து முளைத்த செடி முதல் பூ விடவே ஐந்தாறு வருடம் எடுக்கும்.

புல் அறுப்பதில் ஒரு கணக்கும் இருக்கிறது. வெள்ளம் வண்டல் கொண்டுவருகிறது, அதோடு பாஸ்பரஸ். புல்லை அறுத்து வெளியே கொண்டுபோனால் அந்தச் சத்தும் வெளியே போகும். அறுக்காமல் விட்டால் சத்து சேர்ந்து, முரட்டுப் புல்லும் கோரையும் ஏறி, ஃப்ரிட்டிலரியை அமுக்கிவிடும். 2012 கோடையில் மழை ஓயவில்லை. ஈரத்தில் இயந்திரம் இறங்க முடியாமல் புல் அறுப்பு கெட்டது. அதுபோன்ற கோடைகள் கூடினால் எந்தச் சட்டமும் பூவைக் காப்பாற்றாது. ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் இஃப்லி புல்வெளியில் 1983-ல் எண்ணியபோது சுமார் 500 செடிகள்தான் இருந்தன. உள்ளூர் வனவுயிர் அறக்கட்டளை பழைய முறைப்படி அறுக்கவும் மேய்க்கவும் தொடங்கியது. அது இன்று பல பத்தாயிரங்களாகப் பெருகியிருக்கிறது. அங்கே யாரும் பூவின் பிறப்புச் சான்றிதழைக் கேட்டுவிட்டுப் புல் அறுக்கவில்லை.

கிரிக்லேடின் மேய்ச்சல் உரிமையும் அப்படித்தான். அது ஊரில் குடியிருப்பவர்களுக்கு. பிறந்தாயா என்று கேட்பதில்லை, இருக்கிறாயா என்றுதான் கேட்கிறது.

*

இங்கிலாந்து முடிவு செய்யத் தவிக்கிற விஷயத்தை ஸ்வீடன் வேறு விதமாகக் கையாண்டிருக்கிறது. உப்சாலா நகரத்துக்கு அருகே குங்ஸேங்கென், 'அரசனின் புல்வெளி' என்று ஓர் ஈரவெளி. அங்கேயும் இதே பூ பெருங்கூட்டமாகப் பூக்கிறது. அது எப்படி வந்தது என்பதில் அவர்களுக்குச் சந்தேகமில்லை. பதினேழாம் நூற்றாண்டில் ஓலோஃப் ருட்பெக் உப்சாலாவில் அமைத்த தாவரத் தோட்டத்தில் வளர்த்த செடி, தப்பி ஆற்றோரம் போய்க் குடியேறிவிட்டது. அதே ஊரில் பேராசிரியராக இருந்த லின்னேயஸ்தான் 1753-ல் இந்தப் பூவுக்கு இன்றைய அறிவியல் பெயரை உறுதிசெய்தார். அந்தப் பகுதி மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்கள் மாகாணமான உப்லாந்தின் பூவாகவே அதை ஏற்றுக்கொண்டார்கள். ஓடிவந்தது என்று தெரியும். புல்வெளியின் பெயரையே பூவுக்கும் வைத்து, 'அரசவெளி லில்லி' என்று கூப்பிடுகிறார்கள்.

இதைப் படித்து முடித்தபோது, இந்தக் கேள்விக்கு எனக்கு விடை வேண்டும் என்ற அவசரம் குறைந்துவிட்டது. விடை தேவையில்லை என்று சொல்லவில்லை. மரபணுவோ மண்ணடியில் கிடைக்கும் மகரந்தமோ ஒருநாள் சொல்லட்டும். உண்மை எதுவானாலும் அது தெரிவது நல்லது. வெளியிலிருந்து வந்து ஆற்றையே அடைத்து மற்றச் செடிகளைக் கொல்கிற தாவரங்களும் உண்டு, அவற்றை அடையாளம் காணத்தான் வேண்டும். நம் ஏரிகளின் ஆகாயத்தாமரையைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு செடி எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி, இங்கே என்ன செய்கிறது என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒரே கட்டத்தில் டிக் போடச் சொல்வதில்தான் தப்பு நடக்கிறது.

வீட்டுப் பாடத்தைத் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். ஞாயிறு இரவு மகளிடம் இதையெல்லாம் சுருக்கிச் சொன்னேன். ஓர்லியான் மருந்துக்கடைக்காரரின் கதைக்கு முகம் வாடியது. நாற்பது வருடம் பூவைப் பார்த்தும் எழுதி வைக்காத மனிதர் மேல் அவளுக்குக் கோபம். "எழுதியிருக்கலாம்ல? எனக்கு ஹோம்வொர்க் ஈஸியா இருந்திருக்கும்" என்றாள்.

பிறகு இரண்டு கட்டங்களையும் விட்டுவிட்டு, கீழே பென்சிலால் மூன்றாவதாக ஒரு கட்டம் வரைந்தாள். அதற்குள் டிக் போட்டு, பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினாள். 1736-லிருந்தாவது இங்கே இருக்கிறது, யாராவது புல் அறுத்தால் இனியும் இருக்கும் என்று அதற்கு அர்த்தம். ஆசிரியை அதற்குப் பாதி மதிப்பெண் போட்டிருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்டில் ஒருநாள் வேறு வேலையாகக் கிரிக்லேடு பக்கம் போனபோது வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தேன். பூ இருந்த சுவடே இல்லை. அறுத்து முடித்த வெளி, பழுப்பும் பச்சையுமாகக் கிடந்தது. மாடுகளை விட்டிருந்தார்கள். ஒரு மாடு தலையைத் தூக்கி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மறுபடி மேயப் போய்விட்டது.